பாதிரியாருக்கு இந்த வேலை எதற்கு?

"செபம் சொல்ல வேண்டியவர் செபம் சொல்லியிருக்கலாம். பூசை வைக்க வேண்டியவர் பூசை வைத்திருக்கலாம். காடு மலை ஏறிப் போய், ஆதிவாசிகளின் நிலம் என்றும் சிறையில் வாடும் வாலிபர் என்றும் அவர் பேசித் திரிந்தது எதற்கு?"

2021ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 5ஆம் நாள், சேசு சபைத் துறவி ஸ்டேன் சுவாமி மும்பை மருத்துவமனை ஒன்றில் விசாரணைக் கைதியாகவே தமது 84ஆம் வயதில் உயிர்நீத்தபோது இரங்கியவர்கள் பலர். இப்படிக் கேட்டவர்களும் உண்டு. கேட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். வணக்க வழிபாட்டில் குறை வைக்காதவர்கள், வட்டி வாங்காதவர்கள், பிள்ளைகளை நல்ல முறையில் படிக்க வைப்பவர்கள். அதனாலேயே அந்தக் கேள்வியை விடை சொல்லாமல் விட்டுவிட நமக்கு மனம் வரவில்லை. தீயவன் கேட்டால் அலட்சியம் செய்துவிடலாம். நல்லவர்கள் கேட்கும்போது அதுவே ஊரின் நியாயமாகிவிடுகிறது.

இன்று பாதிரியாரை நோக்கி எழும் இக்கேள்வி ஆலிமை நோக்கியும் எழாமல் இல்லை. "ஹஸ்ரத், தொழுகையைப் பற்றிச் சொல்லுங்கள், நோன்பைப் பற்றிச் சொல்லுங்கள், கூலி கொடுக்காத முதலாளியைப் பற்றி மிம்பரில் ஏன் பேசுகிறீர்கள்?" என்று முகம் சுளிக்கும் பெரிய மனிதர் இல்லாத ஊர் எது? ஆகவே இது கிறிஸ்தவர்களின் வீட்டு விவகாரம் என்று ஒதுக்கிவிட்டு நாம் வேறு பக்கம் புரட்டுவதற்கில்லை.

முதலில் அந்த மனிதரைத் தெரிந்துகொள்வோம். ஸ்டனிஸ்லாஸ் லூர்துசாமி என்பது அவருடைய முழுப்பெயர். திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்த விரகாலூரில் 1937ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் பிறந்த தமிழர். 1957இல் சேசு சபையில் சேர்ந்தார். இளம் துறவியாகவே இன்றைய ஜார்க்கண்டின் சிங்பூம் பகுதிக்குச் சென்று ஹோ இன ஆதிவாசி மக்களிடையே வாழ்ந்தவர். 1975 முதல் பத்தாண்டுகளுக்கு மேல் பெங்களூரில் இந்திய சமூக நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். அந்தப் பதவியோடு அமைதியாக முதுமை எய்தியிருக்கலாம். மீண்டும் ஜார்க்கண்டுக்கே சென்றார். ராஞ்சியை அடுத்த நாம்கும் என்னுமிடத்தில், தோட்டம் என்று பொருள்படும் 'பகாயிச்சா' என்ற நிலையத்தை 2006இல் அமைத்து, அங்கேயே தங்கிவிட்டார். திருச்சிச் சீமையில் பிறந்த ஒருவர் தம் வாழ்நாளில் பாதிக்கு மேல் முண்டா, ஹோ, ஓரான், சந்தால் மக்களுக்காகச் செலவிட்டார் என்றால், அதில் ஊர்ப் பாசம் இல்லை, சாதிப் பாசம் இல்லை, மொழிப் பாசமும் இல்லை.

அங்கே அவர் என்னதான் பேசினார்? இதை விளக்கமாகவே சொல்ல வேண்டும். ஏனெனில், "ஏதோ புரட்சி பேசினாராம்" என்று காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு தலையாட்டுகிறவர்களே நம்மில் அதிகம்.

நமது அரசியலமைப்பில் ஐந்தாவது அட்டவணை என்று ஒன்று உண்டு. பழங்குடி மக்கள் மிகுதியாக வாழும் பகுதிகளின் நிர்வாகத்துக்கெனத் தனி விதிகளை வகுத்து, அம்மக்களின் நலன் குறித்து ஆளுநருக்கு ஆலோசனை கூறப் பழங்குடியினர் ஆலோசனைக் குழு அமைய வேண்டும் என்கிறது அது. 1996இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய 'பெசா' சட்டம், அப்பகுதிகளில் கிராம சபைக்கு நிலம், நீர், கனிமம் ஆகியவை பற்றிக் கருத்துக் கூறும் அதிகாரத்தை அளித்தது. 1997இல் ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்த 'சமதா' வழக்கில், அட்டவணைப் பகுதியிலுள்ள நிலத்தைச் சுரங்கம் தோண்டத் தனியாருக்குக் குத்தகைக்கு விடலாகாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. 2013இல், நிலத்தின் உரிமையாளனே அதன் அடியிலுள்ள கனிமத்துக்கும் உரிமையாளன் என்னும் கருத்தில் உச்சநீதிமன்றம் மற்றொரு தீர்ப்புச் சொன்னது. இவற்றில் ஒன்றையேனும் ஸ்டேன் சுவாமி இயற்றினாரா? இல்லை. அரசு இயற்றியது, பாராளுமன்றம் இயற்றியது, நீதிமன்றம் சொன்னது. "இவற்றை ஏன் நடைமுறைப்படுத்தவில்லை?" என்ற ஒன்றைத்தான் அவர் எழுதினார், பேசினார், திரும்பத் திரும்பக் கேட்டார். இருக்கும் சட்டத்தை நிறைவேற்று என்று கேட்பவன் கலகக்காரன் என்றால், நிறைவேற்றாமல் வைத்திருப்பவனுக்கு நாம் சூட்ட வேண்டிய பெயர் என்ன?

அந்தச் சட்ட வாசகங்களையே குந்தி மாவட்டத்து முண்டா மக்கள் பெரிய கற்பலகைகளில் பொறித்து ஊர் எல்லையில் நட்டார்கள். 'பத்தல்கடி' என்பது அதன் பெயர். முன்னோர் நினைவாகக் கல் நடுவது அவர்களின் பழைய வழக்கம். அந்த வழக்கத்தில் சட்டத்தை எழுதி வைத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் மீது வழக்குப் பாய்ந்தது. 2018 ஜூலையில், முகநூலில் எழுதியதற்காக 20 பேர் மீது தேசத்துரோக வழக்குப் பதிவாயிற்று. அவர்களுள் ஸ்டேன் சுவாமியும் ஒருவர். கல்லில் எழுதியவன் குற்றவாளி, அதைப் பற்றி எழுதியவனும் குற்றவாளி! 2019 டிசம்பரில் புதிதாகப் பொறுப்பேற்ற மாநில அரசு பத்தல்கடி வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆயினும் அவர் செய்தவற்றுள் தலையாயது சிறைக்கைதிகள் பற்றிய பணி என்றே நாம் கருதுகிறோம். நக்சலைட்டுகள் என்று குற்றஞ்சாட்டப்பட்டு ஜார்க்கண்டின் சிறைகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்த ஆதிவாசி வாலிபர்களைப் பற்றி அவரும் தோழர்களும் ஆய்வு செய்தார்கள். அவ்வாய்வு 2016இல் வெளியாயிற்று. சிறையில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மாதம் ஐயாயிரம் ரூபாய் கூடக் காணாத ஏழைக் குடும்பத்தார். வழக்கு நடத்தவென்று இருந்த மாட்டையும் நிலத்தையும் விற்றுவிட்டால், விடுதலையாகி வருபவன் எதற்குத் திரும்பி வருவான்? ஆய்வோடு நிற்கவில்லை. அக்கைதிகளுக்காக ஜார்க்கண்ட் உயர்நீதிமன்றத்தில் தம் பெயரிலேயே 2017இல் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். வாய்ப்பேச்சு வீரர் நீதிமன்றப் படி ஏறி, பெயர் கொடுத்து, கையொப்பமிட்டு நிற்பதில்லை என்பது நாம் அனைவரும் அறிந்ததுதானே!

இனி அவர் மீது சுமத்தப்பட்ட குற்றத்துக்கு வருவோம். 2017 டிசம்பர் 31இல் புனே நகரில் ஒரு மாநாடு நடந்தது. மறுநாள், 2018 ஜனவரி 1இல், பீமா கோரேகானில் வன்முறை வெடித்தது. அதைத் தொடர்ந்து எழுந்த வழக்கில், தடைசெய்யப்பட்ட மாவோயிஸ்ட் கட்சியின் உறுப்பினர் இவர், அதன் காரியங்களுக்கு உதவியவர் என்பது குற்றச்சாட்டு. பீமா கோரேகானுக்குத் தாம் ஒருபோதும் சென்றதில்லை என்றார் அவர். புனே காவல் துறையினர் 2018 ஆகஸ்டிலும் 2019 ஜூனிலுமாக இருமுறை அவருடைய அறையைச் சோதனையிட்டார்கள். 2020ஆம் ஆண்டில் தேசியப் புலனாய்வு முகமை பதினைந்து மணி நேரம் அவரை விசாரித்தது. அவருடைய கணினியில் இருந்தனவாகச் சில எழுத்துக்களைக் காட்டினார்கள். "இவை என்னுடையவை அல்ல, எனக்குத் தெரியாமல் புகுத்தப்பட்டவை" என்று அவர் மறுத்தார். மும்பைக்கு வா என்றார்கள். கொள்ளை நோய்க் காலம், வயதும் நோயும் உடையவன், காணொளி மூலம் எவ்வளவு வேண்டுமானாலும் விசாரியுங்கள் என்றார். 2020 அக்டோபர் 8ஆம் நாள் இரவு அவரைக் கைது செய்து கொண்டுபோனார்கள். அப்போது வயது 83.

அவர் இறந்து ஓராண்டுக்கு மேல் சென்றபின், 2022 டிசம்பரில், அமெரிக்காவிலுள்ள ஆர்சனல் என்னும் தடயவியல் நிறுவனம், அவர் தரப்பு வழக்கறிஞர்களுக்காக அந்தக் கணினியின் பிரதியை ஆராய்ந்து அறிக்கை தந்தது. 2014 முதல் சோதனை நாள்வரை அந்தக் கணினிக்குள் அந்நியர் புகுந்திருந்தனர் என்றும், குற்றத்துக்குச் சான்றாகக் காட்டப்பட்ட ஆவணங்கள் அவ்வழியே உள்ளே வைக்கப்பட்டவை என்றும் அது கூறிற்று. இந்த அறிக்கையை நீதிமன்றம் ஏற்றதா என்று கேட்கலாம். அவர் குற்றவாளி என்றுதான் எந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது? தீர்ப்பு வருமுன் ஆளே போய்விட்டார். உயிரோடிருந்தபோது அவர் வாயால் சொன்னதும், இறந்தபின் இயந்திரத்தை ஆராய்ந்தவர்கள் சொன்னதும் ஒன்றாயிருக்கின்றன. நேர்மையாளன் சொல்லை நம்பாத உலகத்துக்கு இது போதுமோ போதாதோ, நாம் அறியோம்.

"சட்டம் தன் கடமையைச் செய்தது; அதில் நமக்கென்ன?" என்பது அடுத்த வாதம். நல்லது, சட்டம் எப்படிச் செய்தது என்பதைப் பார்ப்போம். 'உபா' என்று சுருக்கி அழைக்கப்படும் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தில், 2008ஆம் ஆண்டு மும்பைத் தாக்குதலுக்குப் பின் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. குற்றச்சாட்டு மேலெழுந்தவாரியாக உண்மை என்று நம்ப இடமிருந்தால் ஜாமீன் கிடையாது என்பது அதன் சாரம். ஜாமீன் கேட்கும் கட்டத்தில் சான்றுகளை நுணுகி ஆராயலாகாது என்று 2019இல் உச்சநீதிமன்றமும் கூறிவிட்டது. ஆக, அரசு தரப்பு காட்டும் தாளை அப்படியே வைத்துக்கொண்டு நீதிபதி முடிவு செய்ய வேண்டும். அந்தத் தாள் மெய்யா பொய்யா என்பது விசாரணை நடக்கும்போது பார்க்கப்படும். விசாரணையோ எப்போது தொடங்கும் என்று எவர்க்கும் தெரியாது. ஜாமீன் மறுப்பே தண்டனையாகிவிடும் சட்டம் இது.

பார்க்கின்சன் என்னும் நடுக்குவாத நோயால் அவருடைய இரு கைகளும் நடுங்கும். குவளையை எடுத்து வாயருகே கொண்டுபோனால் தண்ணீர் சிந்திவிடும். காதும் சரியாகக் கேளாது. நவி மும்பையின் தலோஜா சிறையில் அடைத்தார்கள். உறிஞ்சுகுழாயும் மூடியிட்ட குவளையும் வேண்டும் என்று 2020 நவம்பர் 6இல் நீதிமன்றத்தில் மனுச் செய்தார். பதில் சொல்லப் புலனாய்வு முகமை 20 நாள் அவகாசம் கேட்டது. இருபதாம் நாள் வந்து, அப்பொருள்களை நாங்கள் எடுத்துக்கொள்ளவே இல்லை என்றது. அது மெய்யாகவே இருக்கட்டும். எடுத்தவர் யார் என்பதா இங்கே கேள்வி? கிழவர் ஒருவர் தண்ணீர் குடிக்க ஒரு குழாய் கேட்கிறார். கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள். அதற்கு மனு, எதிர்மனு, அவகாசம், வாய்தா! பின்னர் கொடுத்தார்கள் என்று சிறை அதிகாரிகள் கூறினார்கள். நாட்டின் பல பகுதிகளிலிருந்து முகமறியாத மக்கள் அந்தச் சிறைக்குக் குழாய்களை அஞ்சலில் அனுப்பினார்கள். அனுப்பியவர்களில் எத்தனை பேர் கிறிஸ்தவர்கள் என்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

2021 மார்ச்சில் ஜாமீன் மனுவைத் தனி நீதிமன்றம் தள்ளியது. மே 21ஆம் நாள் உயர்நீதிமன்ற நீதிபதிகள் முன் காணொளியில் தோன்றினார். அரசு மருத்துவமனைக்கு அனுப்பலாமா என்று நீதிபதிகள் கேட்டார்கள். வேண்டாம் என்றார். சிறைக்கு வந்தபோது தாமே நடந்ததையும் குளித்ததையும் உண்டதையும், எட்டு மாதத்தில் அவை ஒவ்வொன்றும் தம்மை விட்டுப் போனதையும் எடுத்துச் சொன்னார். இடைக்கால ஜாமீன் கொடுத்தால் ராஞ்சிக்குப் போய்த் தம் மக்களோடு இருப்பதாகவும், இல்லையேல் இங்கேயே விரைவில் இறந்துவிடக் கூடும் என்றும் கூறினார். அழவில்லை, கெஞ்சவில்லை, யாரையும் ஏசவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். மே மாத இறுதியில் பாந்திராவிலுள்ள தனியார் மருத்துவமனைக்கு மாற்ற நீதிமன்றம் ஆணையிட்டது. அங்கே கொரோனா தொற்று இருப்பது தெரிந்தது. ஜூலை 5 அன்று அவருடைய ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தபோது, மனுதாரர் இறந்துவிட்டார் என்ற செய்தியே மன்றத்தில் சொல்லப்பட்டது.

இன்னொன்றையும் வாசகர்கள் அறிய வேண்டும். அதே மாதம், மனுவை விசாரித்த நீதிபதிகளில் ஒருவர், அவருடைய பணியின் மீது தமக்குள்ள மதிப்பைத் திறந்த மன்றத்தில் சொன்னார். புலனாய்வு முகமை ஆட்சேபம் எழுப்பியது. சில நாள்களில் அந்த நீதிபதி தம் சொற்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இறந்துபோன கிழவரைப் பற்றிய ஒரு நல்ல சொல் கூட நிற்க இடமில்லாத அளவுக்கு மன்றம் குறுகிவிட்டது.

இனி, தலைப்பிலுள்ள கேள்விக்கு வருவோம். துறவறம் ஒரு பக்கம், நியாயம் கேட்பது இன்னொரு பக்கம் என்று பிரித்துப் பேசுகிறார்களே, அவருடைய மார்க்கம் அப்படிப் பிரிக்கிறதா? சிறையிலிருப்பவனைப் போய்ப் பார்ப்பது தம்மையே பார்ப்பதாகும், பசித்தவனுக்கு உணவளிப்பது தமக்கே அளிப்பதாகும் என்று ஏசுநாதர் சொன்னதாக அவர்களுடைய வேதம் கூறுகிறது. அதை மெய்யென்று நம்புகிற ஒருவன் சிறைவாசலுக்குப் போகாமல் எங்கே போவான்? சேசு சபை 1974 டிசம்பரில் தொடங்கி 1975 மார்ச்சு வரை உரோம் நகரில் கூட்டிய தன் 32ஆவது பொதுப்பேரவையில், விசுவாசத்தைப் பரப்புவதும் நீதிக்காகப் பாடுபடுவதும் பிரிக்கவொண்ணாதவை என்று முடிவு செய்தது. அப்போது சபைத் தலைவராயிருந்தவர் பேத்ரோ அருப்பே என்பவர். அதற்குப் பின்பு ஏழை நாடுகளில் நீதிக்காகக் கொல்லப்பட்ட சேசு சபையினர் பலர். 1989 நவம்பரில் எல் ஸால்வடார் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆறு சேசு சபைக் குருமாரையும், அங்கே பணிபுரிந்த ஒரு பெண்ணையும், அவளுடைய இளம் மகளையும் இராணுவத்தார் ஒரே இரவில் சுட்டுக் கொன்றார்கள்.

அந்நாட்டிலேயே அவர்களுக்கு முன் பேராயர் ஆஸ்கார் ரொமேரோ இருந்தார். அடக்கமானவர், நூல்களோடு பழகியவர், வம்புக்குப் போகாதவர் என்பதாலேயே 1977இல் அவர் தலைநகரின் பேராயரானபோது செல்வர்கள் மகிழ்ந்தார்கள். சில வாரங்களில் அவருடைய நண்பரான சேசு சபைக் குரு ருத்திலியோ கிராந்தே, ஒரு முதியவரோடும் ஒரு சிறுவனோடும் காரில் சென்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் பேராயர் வாய் திறந்தார். கொலையுண்டவர், காணாமற்போனவர் பெயர்களை ஞாயிறுதோறும் வானொலியில் வாசித்தார். அவருக்கும் உடன் ஆயர்கள் சிலரே இந்தக் கேள்வியைத்தான் போட்டார்கள்: பேராயருக்கு இந்த வேலை எதற்கு? 1980 மார்ச் 23இல், சொந்த மக்களைக் கொல்லச் சொல்லும் ஆணைக்குப் பணியத் தேவையில்லை என்று படைவீரர்களுக்குச் சொன்னார். மறுநாள் மாலை பூசை செய்துகொண்டிருக்கையில் சுட்டுக் கொன்றார்கள். 2018இல் அவருக்குப் புனிதர் பட்டம் சூட்டினார்கள். முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு எல்லோரும் கைதட்டுவது எளிதுதான். கேள்வி கேட்டவர்கள் 1979இல் எங்கே நின்றார்கள் என்பதல்லவா முக்கியம்!

நமக்கும் இது புதிய செய்தியன்று. யஹ்யா (அலை) அவர்களை யோவான் என்று அவர்கள் அழைக்கிறார்கள். முறைகெட்ட மணத்தை முறையன்று என்று மன்னன் முகத்துக்கு நேரே சொன்னதால் சிறையில் இடப்பட்டு, அங்கேயே கொல்லப்பட்டார் என்ற வரலாற்றை அவர்களும் சொல்கிறார்கள், நம் பெரியவர்களும் சொல்லியிருக்கிறார்கள். வனாந்தரத்தில் தவம் செய்தவருக்கு அரண்மனை விவகாரம் எதற்கு என்று எந்த முஸ்லிமாவது கேட்டதுண்டா?

"அதெல்லாம் சரி, அவர் நம்மவர் இல்லையே" என்று மெல்லிய குரலில் ஒரு வாதம் கடைசியாக வரும். மற்ற எல்லா வாதங்களையும் விட இதற்குத்தான் நாம் கடுமையாகப் பதில் சொல்ல விரும்புகிறோம். அவருடைய நம்பிக்கையும் நம்முடைய நம்பிக்கையும் எந்த இடத்தில் பிரிகின்றன என்பது நம் வீட்டுச் சிறுவனுக்கும் தெரியும். அதை மழுப்ப நாம் வரவில்லை. ஆனால் மக்கத்து முஸ்லிம்கள் உயிர் தப்பிக் கடல் கடந்து அபிசீனியாவுக்குப் போனபோது அவர்களைக் காத்தவர் யார்? குறைஷியரின் தூதுவர் பரிசுப் பொருள்களோடு வந்து, 'இவர்கள் எங்கள் ஊர்க் கலகக்காரர்கள், ஒப்படைத்துவிடுங்கள்' என்றபோது, அவர்கள் பக்கத்தைக் கேளாமல் ஒப்படைக்க மாட்டேன் என்று சொன்ன கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷி, 'இவர்கள் நம்மவர் இல்லையே' என்று நினைத்திருந்தால் ஜஅஃபர் (ரலி) அவர்களின் கதி என்னவாகியிருக்கும்? ஒரு தரப்பின் பேச்சை மட்டும் கேட்டுவிட்டு ஒருவனைச் சிறைக்கு அனுப்பாமலிருப்பதே அன்று அந்த அரசவையின் நீதியாக இருந்தது.

நபித்துவத்துக்கு முன்பே அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கலந்துகொண்ட ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையையும் நினைவூட்டுகிறோம். யமன் நாட்டு வணிகன் ஒருவனிடம் சரக்கு வாங்கிக்கொண்டு மக்காவின் பெரும்புள்ளி ஒருவர் விலை கொடுக்க மறுத்தார். அந்த அயலூரானுக்கு நியாயம் வாங்கித் தர அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்பாரின் வீட்டில் கூடியவர்கள் எவரும் அப்போது முஸ்லிம்கள் அல்லர். பிற்காலத்திலும் அப்படியோர் உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் ஏற்பேன் என்று நபிகளார் கூறியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அநீதி இழைக்கப்பட்டவன் எந்த ஊர், எந்தக் குலம் என்ற கேள்வி அந்த வீட்டில் எழவில்லை.

நம் வீடுகளில் எழுகிறது. நம் பிள்ளை கைதானால் அநீதி என்கிறோம், அடுத்த வீட்டுப் பிள்ளை கைதானால் "என்ன செய்தானோ!" என்கிறோம். கோவையில் 1998 பிப்ரவரி 14இல் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டார்கள். குண்டு வைத்தவன் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆனால் அவ்வழக்கில் 1998 மார்ச் இறுதியில் கைதான, ஒரு கால் இழந்த அப்துல் நாஸர் மதனி, ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் கோவைச் சிறையில் கிடந்தபின் 2007 ஆகஸ்டில் அவ்வழக்கில் குற்றமற்றவர் என்று விடுதலையானார். அந்த ஒன்பது ஆண்டுகளை அவருக்கு யார் திருப்பிக் கொடுத்தார்கள்? அன்று நம் சமுதாயம் எல்லாருடைய கதவையும் தட்டிற்று. முஸ்லிமல்லாதார் பலர் கதவு திறந்தார்கள். மனித உரிமைக்காரர்கள், வழக்கறிஞர்கள், எழுத்தாளர்கள் பேசினார்கள். அவர்களிடம் 'உங்களுக்கு இந்த வேலை எதற்கு?' என்று நாம் கேட்டோமா?

தனிமனித நேர்மையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நியாயம் பேசுகிறவர்களுக்கு இந்நாட்டில் பஞ்சமில்லை; பேச்சுக்கு விலை வைக்காதவர்களுக்குத்தான் பஞ்சம். ஏழைகளுக்காக எழுந்த குரல் பதவி கிடைத்ததும் தணிந்துபோவதையும், சமுதாயத்துக்காக முழங்கிய வாய் ஒரு வாரியப் பொறுப்பு வந்ததும் மூடிக்கொள்வதையும் நாம் பார்த்துச் சலித்தவர்கள். ஸ்டேன் சுவாமி ஆதிவாசிகள் நடுவே பேசியதையே ஆய்வறிக்கையில் எழுதினார். அறிக்கையில் எழுதியதையே நீதிமன்றத்தில் கேட்டார். விசாரணை அதிகாரியிடமும் அதையே சொன்னார். கைதாகும் நாள் நெருங்கிவிட்டது என்று தெரிந்த பின்னும் ஊரை விட்டு ஓடவில்லை. நடந்தவற்றைக் காணொளியில் பதிவு செய்து வைத்துவிட்டு, தமக்கு நேரப்போவதற்கு ஆயத்தமாகவே இருந்தார். சிறையிலிருந்து நண்பர்களுக்கு எழுதிய கடிதத்திலும், தம் மீது என்ன வழக்கு என்றே தெரியாமல், குற்றப்பத்திரிகையைக் கண்ணால் காணாமல், வக்கீல் இல்லாமல் கிடக்கும் ஏழைக் கைதிகளைப் பற்றித்தான் எழுதினார். தமக்கு உணவூட்டியவர்களும் குளிக்க உதவியவர்களும் உடனிருந்த கைதிகளே என்பதையும் நன்றியோடு குறித்தார்.

அவர் யாருக்காகப் பேசினாரோ அந்தக் கூட்டம் ஜார்க்கண்டோடு முடிந்துவிடவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள். நான்கில் மூவருக்கு மேல் என்று சொல்லலாம். ஆதிவாசிகளும் தலித்துகளும் முஸ்லிம்களும் மக்கள்தொகையில் தமக்குள்ள பங்கை விட அதிகமாகவே அந்தக் கணக்கில் இடம்பெறுகிறார்கள். இவர்களில் எல்லாரும் உபா கைதிகள் அல்லர். பெரும்பாலோர் சாதாரண வழக்குகளில் சிக்கி, ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளே கிடப்பவர்களும் இவர்களில் உண்டு.

ஆகவே ஸ்டேன் சுவாமிக்கு இரங்கல் கூட்டம் போடுவதை விட, அவர் செய்த வேலையை நம் ஜமாஅத்துகள் கையிலெடுக்கலாம் என்பது நமது கருத்து. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆவது பிரிவின்படி, ஒரு குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் பாதியை விசாரணைக் கைதியாகவே கழித்தவர் ஜாமீனில் வெளிவரலாம். முதன்முறை குற்றஞ்சாட்டப்பட்டவராயின் மூன்றில் ஒரு பங்கே போதும். மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, காவலில் உள்ள எவரும், வருமானம் எவ்வளவாயினும், இலவச வழக்கறிஞரைக் கேட்கலாம். நம் ஊர்களில் சட்டம் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் வாலிபர்கள் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற எழுத்தர்கள் இருக்கிறார்கள். நால்வர் சேர்ந்து, பக்கத்துச் சிறையில் யார் யார் எத்தனை மாதமாக இருக்கிறார்கள் என்று, பெயரைப் பார்த்து மதத்தைக் கணிக்காமல், ஒரு பட்டியல் எடுக்கட்டும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை.